பாஸ்வேர்டு ரீசெட்டில் என்ன கற்றுக்கொள்வது? – வாசகர் கேள்வி பதில்

(அலுவலக ஐ.டி. சப்போர்ட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, இன்று ஒரு சர்வீஸ் டெஸ்க்கைப் பொறுப்பேற்று நடத்திவரும் நம் பத்தி எழுத்தாளர், இந்த வாரம் புதிதாக அந்த வேலைக்கு வந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, ஒரு பெரிய நிறுவனத்தின் ஐ.டி. சப்போர்ட்டில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை பாஸ்வேர்டு ரீசெட், அக்கவுண்ட் அன்லாக். கூடப் படித்தவர்கள் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் எதையாவது கற்றுக்கொள்கிறேனா என்றே தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே மனக்குறைதான் இருந்தது. அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அன்லாக் செய்து கொடுத்த சற்று நேரத்தில் அதே ஆள் மறுபடி கூப்பிட்டு, "திரும்பவும் லாக் ஆகிவிட்டது" என்கிறார் அல்லவா? அந்த இரண்டாவது அழைப்புதான் உங்கள் பாடம். அதை இன்னொரு ரீசெட்டாக முடித்துவிடாதீர்கள். பழைய பாஸ்வேர்டு எங்கேயோ சேமிப்பில் இருக்கிறது. யாரும் தொடாமலேயே அங்கிருந்து லாகின் முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. எங்கே என்று தேடுங்கள். முதலில் அவருடைய மொபைல். அலுவலக மெயிலைப் போனில் வைத்திருப்பவர், கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போனில் மாற்ற மறந்திருப்பார். அடுத்து, மீட்டிங் அறையில் லாகின் செய்து அப்படியே விட்டுவந்த கம்ப்யூட்டர். பிறகு வைஃபை, விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பதிந்து கிடக்கும் பழைய விவரம், எப்போதோ அமைத்து மறந்துபோன ஷெட்யூல்டு டாஸ்க்.

எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் மைய சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் (பதிவேட்டில்), அக்கவுண்ட் லாக் ஆகும்போதெல்லாம் 4740 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். லாகின் முயற்சி எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அப்ரண்டிஸுக்கு அந்த லாகைப் பார்க்க அனுமதி இருக்காது. பரவாயில்லை. சப்போர்ட்டின் அடுத்த நிலையான எல்-2 டீமில் இருப்பவரிடம் போய், "இந்த அக்கவுண்டுக்கு 4740-இல் காலர் கம்ப்யூட்டர் நேம் என்ன வந்திருக்கிறது, பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கிற அப்ரண்டிஸை அடுத்த முறை பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுவார்கள். என் அனுபவத்தில் இது நிச்சயம் நடக்கும்.

இன்னொன்றும் அடிக்கடி வரும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குப் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். அவரோ, "புதுசு லேப்டாப்பில் எடுக்கவில்லை, பழசைப் போட்டால் திறக்கிறது" என்பார். அவர் குழம்பிப்போய்ப் பேசவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறார். அலுவலக நெட்வொர்க்கைத் தொடாத லேப்டாப்புக்கு, பாஸ்வேர்டு மாறிய செய்தியே போய்ச் சேரவில்லை. கடைசியாக வெற்றிகரமாக லாகின் ஆன விவரத்தை அது தன்னிடமே வைத்திருக்கிறது, அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பழைய பாஸ்வேர்டில் உள்ளே போகச் சொல்லி, வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு சேர்க்கும் வி.பி.என். இணைப்பை எடுக்கச் சொல்லி, பிறகு விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டி, புதிய பாஸ்வேர்டில் திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆக, ரீசெட் என்று நீங்கள் அலுத்துக்கொள்வதற்குள், அலுவலக அக்கவுண்ட்களை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி, லாகின் சரிபார்ப்பு, வி.பி.என். எல்லாமே இருக்கின்றன. ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். இந்த ரீசெட்களில் பலவற்றுக்கு யூசர்கள் காரணமே இல்லை, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய விதிதான் காரணம். தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு, பாஸ்வேர்டு கசிந்ததற்கான அடையாளம் இருந்தாலொழிய அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. பல நிறுவனங்கள் இன்னும் விடவில்லை. உங்களால் இப்போது அதை மாற்ற முடியாது. ஆனால் இப்படி எத்தனை டிக்கெட் (புகார்ப் பதிவு) வருகிறது என்று எண்ணி மேலதிகாரியிடம் கொடுக்க முடியும்.

கேள்வி: "ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டாலே யூசர்களுக்குக் கோபம் வருகிறது. "தினமும் ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் போகிறேன்" என்கிறார்கள். ஆனால் பார்த்தால் கம்ப்யூட்டர் பல நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது. ஏன் பொய் சொல்கிறார்கள்?

அவர்கள் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்பது எனக்கு முக்கியம்; ஏனென்றால் யூசர் பொய் சொல்கிறார் என்ற எண்ணம் ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால், அதன் பிறகு அவர் சொல்லும் எதுவும் உங்கள் காதில் ஏறாது.

விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி வந்தது. அது ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது யூசரின் செஷன் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், கருவிகளை இயக்கும் டிரைவர்களும் அன்றிருந்த நிலையிலேயே டிஸ்க்கில் ஒரு ஃபைலாகச் சேமிக்கப்படும். மறுநாள் ஆன் செய்யும்போது அதே நிலைதான் திரும்ப வரும். சிக்கலில் மாட்டிய டிரைவர் சிக்கலோடேயே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட் சின்ன வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்; இங்கே அது தலைகீழ்.

அதனால் கேள்வியாகக் கேட்காதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யு.வின் கீழே இருக்கும் 'அப் டைம்' எண்ணை அவரோடு சேர்ந்து பாருங்கள். ஏன் அப்படிக் காட்டுகிறது என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். அடுத்த முறை அவரே ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார்.

கேள்வி: நேற்று ஒரு மேலாளர் போனில் என்னிடம் கத்தினார். என் தவறு எதுவும் இல்லை. இரவெல்லாம் தூங்கவில்லை. இதை எப்படிப் பழகிக்கொள்வது?

கத்தலைப் பழகிக்கொள்ள வேண்டியதில்லை, தங்கச்சி. தனிப்பட்ட முறையில் தரக்குறைவாகப் பேசினால் அழைப்பை உங்கள் டீம் லீடிடம் மாற்றிவிடலாம். அப்படி மாற்றுவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் லீட் இருந்தால் தவறு அந்த லீடிடம்தான். இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

ஆனால் பெரும்பாலான கோபத்துக்குப் பின்னால் ஒரு கெடு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் கேள்வியை நான் ஒரு சீனியரிடமிருந்து கற்றேன். மாதத்தின் கடைசி வேலை நாள். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அம்மா, பிரின்டர் வேலை செய்யவில்லை என்று ஏறக்குறைய அழுதுகொண்டே கத்தினார். நான் அந்த சீனியருக்குப் பக்கத்தில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பிரின்டரின் மாடலைக் கேட்கவில்லை. "இந்தக் காகிதம் எத்தனை மணிக்குள் யாரிடம் போக வேண்டும், மேடம்?" என்று கேட்டார். மறுமுனையில் குரல் உடனே இறங்கியது. மூன்று மணிக்குள் கையெழுத்தாகி வங்கிக்குப் போக வேண்டுமாம். மேல் தளத்துப் பிரின்டரை அவர் கம்ப்யூட்டரில் சேர்த்துக் கொடுத்து, அச்சாகி வந்ததை உறுதி செய்துவிட்டு, பழுதான பிரின்டரை அப்புறம்தான் பார்த்தார் சீனியர்.

ஐ.டி. சேவை மேலாண்மையில் ஐடில் (ITIL) என்று ஒரு வழிமுறை உண்டு, 1980-களில் பிரிட்டன் அரசின் ஓர் அமைப்பு தொகுக்கத் தொடங்கியது. டிக்கெட்டின் முன்னுரிமையை இரண்டு விஷயங்களை வைத்து முடிவு செய்ய அது சொல்கிறது: பாதிப்பு எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரம். குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அவசரம் என்ன என்பதை யூசர் மட்டும்தான் சொல்ல முடியும், கேட்டால்தான் சொல்வார். இன்றிரவு தூங்குங்கள். நாளை அந்த மேலாளரின் டிக்கெட்டைத் திறந்து, அவருக்கு எந்த வேலை நின்றுபோனது என்று பாருங்கள்.

கேள்வி: டிக்கெட்டில் குறிப்பு எழுதவே நேரம் சரியாகிவிடுகிறது. "சரி செய்யப்பட்டது" என்று போட்டால் போதாதா?

போதாது. யூசர் தன் வாயால் சொன்ன புகார், திரையில் வந்த எரர் வாசகம் அப்படியே, நீங்கள் முயன்று பலிக்காதவை, கடைசியில் பலித்தது, யூசர் சரி என்று உறுதி செய்தாரா. இவ்வளவும் இருக்க வேண்டும். பலிக்காதவற்றை எழுத எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். அடுத்து வருபவருக்கு மிகவும் உதவுவது அதுதான்.

கேள்வி: பெரிய அளவில் எல்லாம் முடங்கிப்போகும் நாளில் அப்ரண்டிஸால் என்ன செய்துவிட முடியும்?

2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அந்த அப்டேட்டை ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்து கிடந்த கம்ப்யூட்டர்களில் பல தாமாக எழவில்லை. ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து, பழுதான அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், அதற்கு முன் 48 இலக்க ரெகவரி கீயையும் அடிக்க வேண்டும்.

நாற்பத்தெட்டு இலக்கத்தைப் போனில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். ஆறு ஆறாக, எட்டுத் தொகுதி. மறுமுனையில் இருப்பவர் வாழ்நாளில் அந்தத் திரையைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தொகுதியையும் அவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் மறுபடி முதலிலிருந்து. இந்த வேலைக்கு உயர்ந்த பதவி தேவையில்லை. தெளிவான குரலும் நிதானமும் போதும். அப்படிப்பட்ட நாளில் ஒரு நல்ல அப்ரண்டிஸ் எந்த சிஸ்டம் ஆர்க்கிடெக்டுக்கும் குறைந்தவர் இல்லை. மேசை மேசையாகப் போவது, முடிந்த கம்ப்யூட்டர்களைப் பட்டியலில் குறிப்பது, கீ கிடைக்காதவற்றைத் தனியே பிரித்துவைப்பது என்று கை நிறைய வேலை இருக்கும். உங்கள் நிறுவனத்தில் ரெகவரி கீகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, அவசரத்தில் யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று இந்த வாரமே கேட்டுவையுங்கள்.

கேள்வி: உயர் பதவியில் இருப்பவராகச் சொல்லிக்கொண்டு ஒருவர் கூப்பிட்டு, "போன் மாற்றிவிட்டேன், ஓ.டி.பி. பதிவை உடனே ரீசெட் செய்" என்றால் எப்படி மறுப்பது? நிஜமாகவே அவராக இருந்துவிட்டால்?

நிஜமாகவே அவராக இருந்தாலும் முறை ஒன்றுதான். "இதோ, நிறுவன டைரக்டரியில் இருக்கும் உங்கள் எண்ணுக்கு நானே கூப்பிடுகிறேன், சார்" என்று சொல்லுங்கள். அவர் தரும் எண்ணுக்கு அல்ல. அந்த எண்ணே தொலைந்துபோன போனுடையது என்றால், அவருடைய மேலாளர் வழியாகவோ நேரிலோ உறுதி செய்ய வேண்டும். சர்வர்களை உடைப்பதைவிட ஹெல்ப் டெஸ்க்கை அதட்டி உள்ளே நுழைவது சுலபம் என்பது மோசடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். புதியவர் எடுப்பார் என்று நம்பித்தான் கூப்பிடுகிறார்கள். மறுத்ததற்காக எந்த அப்ரண்டிஸும் திட்டு வாங்கக் கூடாது. என் டெஸ்க்கில் வாங்க விடமாட்டேன்.

கேள்வி: பயிற்சிக் காலம் முடியப்போகிறது. இன்டர்வியூவில் "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "டிக்கெட் பார்த்தேன்" என்பதைத் தவிர என்ன சொல்வது?

ஒரே ஒரு டிக்கெட்டை முழுதாகச் சொல்லுங்கள். நெட் வரவில்லை என்று ஒருவர் கூப்பிட்டார், ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கியது, அப்படியானால் முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று புரிந்துகொண்டேன். பக்கத்து மேசையில் நெட் வருகிறதா என்று கேட்டேன், வந்தது. கேபிளை மாற்றினேன், பயனில்லை. டாக்கிங் ஸ்டேஷனை விட்டு நேராக லேப்டாப்பில் செருகியதும் முகவரி வந்துவிட்டது. இவ்வளவுதான் கதை. ஆனால் ஒவ்வொரு படியிலும் எதை விலக்கினீர்கள், ஏன் அந்த வரிசை என்பது இதில் தெரிகிறது. ஆட்களைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது நான் கேட்க ஆசைப்படுவது இதைத்தான். சான்றிதழ்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பழைய டிக்கெட்களில் அப்படி ஒன்றைத் தேடி எடுங்கள். நிறுவனத்தின் பெயர், யூசரின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்; எந்த இடத்தில் இன்னும் விளக்க வேண்டும் என்று அடுத்த இதழுக்குள் எழுதுகிறேன்.