என் மகள் நீண்ட தூரம் ஓடுகிறாள். போட்டி நெருங்கினால் தூங்குவதில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள். என்ன சாப்பாடு கொடுத்தால் மன அழுத்தம் குறையும்?

முதலில் வயிறு நிறையச் சோறு போடுங்கள். எந்தச் சாப்பாடு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீண்ட தூரம் ஓடுகிறாள், தூங்குவதில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ அவளை எடை குறைக்கச் சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் மன்னியுங்கள்; எனக்கு அப்படித்தான் நடந்தது.

தங்கச்சிமடத்தில் மீன்பிடிக் குடும்பம் எங்களுடையது. பள்ளியில் 3000 மீட்டர் ஓடினேன். உடம்பு லேசானால் கால் தானாகப் பறக்கும் என்றார் பயிற்சி கொடுத்தவர். சோறு கூடாது, காலையில் வெறும் வயிற்றோடு ஓடு, ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி. அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. விடியுமுன் கடற்கரை மணலில் ஓட்டம், சாயங்காலம் மறுபடியும். அம்மா மத்தியைக் கீறி, குண்டு மிளகாய் அரைத்துத் தடவி, தோசைக்கல்லில் போட்டு எடுப்பார். வாசம் தெருமுனை வரை வரும். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவேன். படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தம்பி என் துண்டை எடுத்துவிட்டான் என்று மணிக்கணக்கில் அழுதிருக்கிறேன். அப்பத்தாதான் ஒருநாள் சொன்னது: "ஏத்தா, சோத்தக் கண்டா மூஞ்சியத் திருப்புற, ஆளக் கண்டா கடிக்க வர்ற. ரெண்டும் ஒரே வியாதிதான்."

மாதவிலக்கு நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "நேத்து காலைலருந்து என்னென்ன சாப்பிட்ட?" நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர், இரண்டாவது வரியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

இதற்குப் பெயரே இருக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல் இதை 'ரெட்-எஸ்', அதாவது விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை, என்று அறிவித்தது. ஓட்டத்தில் செலவாகும் சக்திக்கு ஈடான சாப்பாடு உள்ளே போகாவிட்டால் ஹார்மோன், எலும்பு, மனநிலை எல்லாம் கெடும். ஆண் பிள்ளைகளுக்கும் வரும். மாவுச்சத்து இல்லாமல் நீண்ட நேரம் ஓடினால் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். மன அழுத்தத்திலும் சுரப்பது அதேதான்.

நான் டாக்டர் இல்லை. சோறு தின்றால் பயம் போய்விடுமா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: போகாது. நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் கோட்டில் நிற்கும்போது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் முந்தின ராத்திரி தூங்கியிருந்தேன், விசில் ஊதியதும் நடுக்கம் அடங்கியது.

நான் சாப்பிட்டதைச் சொல்கிறேன். ஓடுமுன் வாழைப்பழம், இல்லையென்றால் கருப்பட்டி போட்ட கேப்பைக் கூழ். ஓடி வந்ததும் பழைய சோறும் மீன் குழம்பும். மத்தி, சூடை மாதிரி மலிவு மீனில்தான் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைய. வஞ்சிரம் தேடிப் போக வேண்டாம். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிவிடும். கோடைப் பயிற்சி முகாமும் அப்போதுதான். அந்த நாட்களில் முட்டையும் பாசிப்பயறும் கருவாடும். சாயங்கால டீயை நிறுத்துங்கள், அதிலுள்ள தூக்கம் கெடுக்கும் காஃபீனில் பாதி இறங்கவே சுமார் ஐந்து மணி நேரமாகும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்தும் சரியாகச் சேராது. போட்டியன்று மூன்று மணி நேரம் முன்னால் இட்லி போதும். புதிதாக எதையும் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். எங்கே குடிப்பது? நான் ஓடிய மைதானங்களில் பாதியில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. விருந்தினருக்குப் பந்தல், மேடை, சால்வை எல்லாவற்றுக்கும் காசு இருந்தது. எங்களுக்குப் பூட்டிய கதவு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்றோம். இன்று என் அக்கா மகளும் அதையேதான் சொல்கிறாள். இதைக் கேட்க ஆள் இல்லாத ஊரில் பிள்ளைகளுக்கு மனதைத் திடமாக வைத்துக்கொள் என்று அறிவுரை சொல்கிறார்கள்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று மகளிடம் நீங்களே கேளுங்கள். பயிற்சியாளரிடம் அவள் சொல்லமாட்டாள். மூன்று மாதம் வரவில்லையென்றால் போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மகளிர் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எடையைக் குறைக்கச் சொன்னது யார் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.