கேளுங்கள்: காந்தத்தில் ஒட்டும் மண்

கேள்வி: என் மகன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பூந்தொட்டி மண்ணில் உருட்டினான். கரும்பொடி முள் முள்ளாக ஒட்டிக்கொண்டது. குவாந்தானில் அண்ணன் வீட்டுச் செம்மண்ணிலும் இப்படித்தான். சிவப்பு மண் என்றாலே காந்தம் இருக்குமா? அதில் வெறுங்காலோடு நடந்தால் உடம்புக்கு நல்லது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: சிவப்பை வைத்துச் சொல்ல முடியாது, அம்மா. செம்மண்ணுக்கு நிறம் தருவது ஹேமடைட் என்ற இரும்புத் தாது. மஞ்சள் கலந்திருந்தால் கோத்தைட். இரண்டிலும் இரும்பு உண்டு, ஆனால் ஸ்பீக்கர் காந்தத்தைக் கண்டுகொள்ளவே மாட்டா. ஒட்டுவது மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற வேறு இரண்டு இரும்புத் தாதுக்கள்தான். வேடிக்கை என்னவென்றால், ஹேமடைட்டும் மேக்ஹெமைட்டும் ஒரே சரக்கு: 2 இரும்பு அணுவுக்கு 3 ஆக்சிஜன். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. நான் வேதியியல் எடுத்த காலத்தில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

குவாந்தான் மண், எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் கல் மக்கி வந்தது. அந்தக் கல்லிலேயே டைட்டேனியம் கலந்த மேக்னடைட் இருக்கிறது. நம்மூர் மழை சிலிக்கா, சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. எளிதில் கரையாத மேக்னடைட் மணிகளும் கூடவே தங்கி, நாளடைவில் ஆக்சிஜன் ஏறி மேக்ஹெமைட்டாக மாறுகின்றன. அண்ணன் வீட்டில் ஒட்டியது பெரும்பாலும் இதுதான்.

செந்தூல் விஷயம் வேறு. கோலாலம்பூர்ப் பக்கத்துக் கருங்கல், வெள்ளீயம் கிடைக்கும் வகையைச் சேர்ந்தது. அதில் மேக்னடைட் குறைவு, இருப்பது இரும்பும் டைட்டேனியமும் கலந்த இல்மனைட் என்ற தாது. கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் சாதாரண காந்தத்துக்கு அசையாது. அதனால் எனக்குச் சந்தேகம் இரும்புத் தூள் மேல்தான். ரயில் பட்டறை இருந்த ஊர், வெல்டிங் கடைக்கும் குறைவில்லை. அந்தப் பொடியை இரண்டு ஓட்டுத் துண்டுகளின் சொரசொரப்பான பக்கங்களுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். நொறுங்கிக் கறுப்பாக இழுத்தால் மேக்னடைட், பழுப்பாக இழுத்தால் மேக்ஹெமைட். நொறுங்காமல் நசுங்கிப் பளபளத்தால் இரும்புத் துருவல். அப்புறம், காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உருட்டச் சொல்லுங்கள். பையை உருவினால் பொடி தானாக உதிர்ந்துவிடும். இல்லையென்றால் சுரண்டியே விரல் போகும்.

அக்கா தாராளமாக நடக்கட்டும். மண்ணிலுள்ள காந்த மணிகள் காலுக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. பாசார் மாலாமில் விற்கும் காந்த வளையலுக்கும் இதே பதில்தான். செருப்பு மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கொக்கிப்புழு வராது.

கேள்வி: குப்பை எரித்த இடத்து மண் மட்டும் காந்தத்தில் அதிகம் ஒட்டுகிறதே?
– ஒரு வாசகர், பட்டர்வர்த்

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். இலை தழையோடு சேர்ந்து சூடாகும்போது மண்ணிலுள்ள கோத்தைட் ஆக்சிஜனை இழந்து மேக்னடைட்டாகிறது. ஆறும்போது காற்றுப் பட்டு மேக்ஹெமைட்டாகிறது. தொல்லியல்காரர்கள் மண்ணின் காந்தத்தை அளந்து பழைய அடுப்புகளைக் கண்டுபிடிப்பது இதனால்தான்.