காமிக்ஸும் கட்டிப்போட்ட பெண்ணும்: கேள்வி பதில்

(ஈரோட்டில் வாடகைப் புத்தகக் கடை நடத்தியவன் நான். காமிக்ஸில் வரும் பாலியல் வன்முறை பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகள் இவை, கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு.)

காங்கேயத்து அம்மா: எட்டாவது படிக்கிற பையன் போனில் ஜப்பான் காமிக்ஸ். ஒரு பெண்ணைச் சீரழிக்கிற காட்சி இருந்தது. கெட்டுப் போயிருவானுங்களா?

ஒரு பக்கத்தைப் பார்த்ததாலேயே கெட்டுப் போக மாட்டானுங்க, அம்மிணி. போனைப் பிடுங்காதீங்க. பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் வாயே திறக்க மாட்டான். ஜப்பானில் வளர்ந்த ஆண்களுக்கென்று 'சேய்னென்' இதழ்கள் தனியாக வருகின்றன. நம் போனில் அந்தக் கதையும் சிறுவர் கதையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: இந்தப் படம் யார் கண்ணால் பார்க்குது? வதைக்கிறவன் கண்ணாலா, அவள் கண்ணாலா? பத்துப் பக்கம் தாண்டி அவள் இருக்கிறாளா, நாயகனுக்குக் கோபம் வரவைத்துவிட்டுக் காணாமல் போகிறாளா? 1994-இல் ஒரு அமெரிக்க காமிக்ஸில் நாயகனின் காதலியைக் கொன்று ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். அதை வைத்து 1999-இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன் இப்படிப் பலியான பெண் பாத்திரங்களைப் பட்டியலே போட்டார்.

என் கடையில் ஒரு சித்திரக்கதை இருந்தது. மேசையில் வைத்தால் தானாக ஒரே இடத்தில் விரியும், ஒரு பெண்ணைக் கட்டிப்போட்ட பக்கம். மற்ற தாள்கள் புதுசு போல இருக்க, அதன் ஓரம் மட்டும் விரல் அழுக்கில் கறுத்திருந்தது. பசங்க கதையைப் படிக்கவே இல்லை. வாடகைக்கு விட்டவன் நான்தான்.

பவானி: தடை செய்யச் சட்டம் இல்லையா?

1956-இலிருந்தே இருக்குங்க. 20 வயதுக்கு உட்பட்டவர்களைக் கெடுக்கும் படக்கதையை விற்றால் ஆறு மாதம் வரை சிறை. போனுக்குள் வருவதை எந்தக் கடையில் போய்ப் பிடிப்பது?

கோபி: எங்க காலத்து காமிக்ஸ் சுத்தமுங்க.

கட்டிப்போட்ட பெண் அப்போதும் அட்டையில் இருந்தாள். உங்களுக்கு மறந்துவிட்டது.

பெருந்துறை: கோபிக்காரர் சொல்றது சரிதான். காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும்னு வெர்த்தம் நிரூபிச்சாரே!

மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் 1954-இல் புத்தகம் போட்டார். அதே வருஷம் அமெரிக்க செனட்டில் விசாரணை, பதிப்பகங்களே கூடித் தணிக்கை விதியும் வைத்துக்கொண்டன. 2012-இல் கேரல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால், பிள்ளைகள் சொன்னதை மனுசன் மாற்றியும் ஒட்டியும் எழுதியிருக்கிறார். அவரைச் சாட்சிக்கு அழைக்காதீங்க.

கோபி: அப்போ காமிக்ஸால் ஒண்ணும் ஆகாதுன்னு ஒத்துக்கிறீங்க!

எப்போ ஒத்துக்கிட்டேன்? வெர்த்தம் தப்புச் செய்தார் என்றால் கறுத்த அந்தப் பக்கம் வெளுத்துவிடுமா?

பெருந்துறை: ரெண்டு பக்கமும் பேசறீங்க.

சரி, நீங்களும் கோபிக்காரரும் பேசிக்கொண்டிருங்கள்.

பொள்ளாச்சி: பொண்ணு போனைப் பிடுங்கிடலாமுங்களா?

முதல் பதிலைப் படிங்க.

திருப்பூர்: போனை வாங்கி வச்சுக்கிட்டா?

பிடுங்காதீங்க, பிடுங்காதீங்க, பிடுங்காதீங்க.

உடுமலை: தெரிந்த பெரியவர் ஒருத்தர் தங்கச்சி மகளுக்கு இந்த மாதிரிப் படமெல்லாம் காட்டறார்.

இது காமிக்ஸ் கேள்வி இல்லைங்க. இப்பவே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். பாலியல் நோக்கத்தோடு குழந்தைக்கு ஆபாசப் படம் காட்டுவது போக்சோ சட்டப்படி குற்றம். பாப்பாவைத் திட்ட வேண்டாம்.

தாராபுரம்: நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்.

பிரையன் டால்பட்டின் 'தி டேல் ஆஃப் ஒன் பேட் ராட்'. அப்பனால் கெடுக்கப்பட்டு வீட்டை விட்டு ஓடும் பெண். கதை அவளை விட்டு நகராது. கடைசியில் அப்பனை நேருக்கு நேர் நின்று கேட்கிறாள். முதலில் நீங்கள் படியுங்கள், அப்புறம் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கோபி: அந்தக் கறுத்த பக்கம், புத்தகம் பேர் என்னங்க?

சொல்ல மாட்டேன்.