மேலே மட்டும் சாயும் பின் சக்கரம்

கேள்வி: குரோமோலி ஸ்டீல் குழாய் வாங்கி நானே ஒரு சைக்கிள் ஃபிரேம் பற்றவைத்திருக்கிறேன். பின் சக்கரம் கீழே செயின் ஸ்டேக்களுக்கு (பெடல் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் இரண்டு குழாய்கள்) நட்ட நடுவில் நிற்கிறது, ஆனால் மேலே பிரேக் பிரிட்ஜ் கிட்டே வலப்பக்கம் சாய்கிறது. ரிம்முக்கும் சீட் ஸ்டேக்கும் (சீட்டின் கீழிருந்து பின் ஆக்சிலுக்கு இறங்கும் குழாய்; இரண்டையும் இணைக்கும் குறுக்குத் துண்டுதான் பிரேக் பிரிட்ஜ்) இடைவெளி இடப்பக்கம் 12, வலப்பக்கம் 8 மில்லிமீட்டர். நூல் கட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். ஸ்போக்கை இழுத்துச் சரிசெய்துவிடலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். ஸ்போக்கை இழுத்தால் ரிம் மேலே மட்டுமா நகரும்? கீழேயும் சேர்ந்து நகரும், இப்போது ஒழுங்காக இருக்கிற செயின் ஸ்டே பக்கமும் கெட்டுப்போகும்.

முதலில் கேசட்டை (பின் சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து) கழற்றிவிட்டு, சக்கரத்தை இடம் வலமாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். சாய்வு இடப்பக்கம் மாறினால் கோளாறு சக்கரத்தில். அப்போதும் வலப்பக்கமே நின்றால் ஃபிரேமில். நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு ஃபிரேம்தான் என்று தோன்றுகிறது. நூல் நன்றாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். டிராப்அவுட்டிலிருந்து (ஆக்சில் உட்காரும் பிளவு) முன்னால் இருக்கும் ஹெட் டியூபைச் சுற்றி அடுத்த டிராப்அவுட்டுக்கு இழுக்கிற நூல், பின்பக்கம் இடமோ வலமோ ஒதுங்கியிருந்தால் காட்டிக்கொடுக்கும். ஒரு டிராப்அவுட் மற்றதைவிடக் கீழே இருந்தால் அதற்குத் தெரியாது.

உங்கள் விஷயம் அதுதான். வலது சீட் ஸ்டே கொஞ்சம் நீளமாக வெட்டப்பட்டிருக்கும், இல்லையென்றால் பற்றவைக்கும்போது சூட்டில் இழுத்திருக்கும். கணக்கு இப்படி: 12க்கும் 8க்கும் நடு 10, ஆக ரிம் 2 மில்லிமீட்டர் ஒதுங்கியிருக்கிறது. 130 மில்லிமீட்டர் அகல ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) டிராப்அவுட் 1 மில்லிமீட்டர் இறங்கினாலே பிரிட்ஜ் கிட்டே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் சாயும். எனவே வலது டிராப்அவுட்டில் ஆக்சில் போய் உட்காரும் மேல் வளைவை உருண்டை அரத்தால் ராவுங்கள், ஒரே மூச்சில் 1 மில்லிமீட்டரையும் எடுக்காமல், நாலு இழுப்புக்கு ஒருமுறை சக்கரத்தை மாட்டிப் பார்த்து. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் அரம். மாற்றி ராவினால் சாய்வு இரட்டிப்பாகும். பழைய வண்டிகளில் ஆக்சில் முன்னும் பின்னும் நகரும் என்பதால், கீழே கோணி நின்றால் நட்டைத் தளர்த்தி இழுத்து மறைத்துவிடுவார்கள். இந்த மேல் சாய்வு எதிலும் அப்படி மறையாது.

அப்புறம் இரண்டு டிராப்அவுட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். லேத் பட்டறையில் இரண்டு போல்ட் கடைந்து வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாக மாட்டி முடுக்கினால் நடுவில் முகத்துக்கு முகம் பொருந்த வேண்டும். பொருந்தாத ஃபிரேமில் ஆக்சில் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும்.

கேள்வி: டிராப்அவுட் இடைவெளி 126 மில்லிமீட்டர் உள்ள பழைய ஃபிரேமில் 130 ஹப் மாட்டலாமா? (வாசகர், மதுரை)

பதில்: ஸ்டீல் என்றால் தாராளமாக, பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர்தானே. விரித்தபின் நூல் கட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம்தான் அதிகம் வளைந்திருக்கும். அலுமினியத்தில் இந்த வேலையே வேண்டாம், விரிசல் விடும்.