கடல் முள்ளெலிப் புதைபடிவத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி: இதய வடிவக் கடல் முள்ளெலிப் புதைபடிவம் ஒன்று வைத்திருக்கிறேன். வினிகரில் ஊறவைக்கலாமா? அது எங்கே வாழ்ந்திருக்கும்?

பதில்: வினிகர் வேண்டவே வேண்டாம்! ஓட்டின் தகடுகள் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனவை. அமிலம் பட்டால், குழாய்க்கால்கள் (குழாய் போன்ற மெல்லிய உறுப்புகள்) வெளிவந்த நுண்துளைகளும் முட்கள் பொருந்தியிருந்த குமிழ்களும்தான் முதலில் கரையும். அந்த உயிரைப் படிக்க நமக்கிருக்கும் அருமையான சான்றுகள் அவை. தண்ணீர், மென்மையான பல் துலக்கி, கூரிய மரக்குச்சி போதும்.

இதய வடிவ இனங்கள் வண்டலுக்குள் புதைந்து வாழ்ந்தவை. உருண்டையாக, ஐந்து சமபங்காக இருப்பவை பெரும்பாலும் கடல் தரைமேல் ஊர்ந்தவை. முட்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். இறந்த ஓரிரு வாரங்களில் தசை அழுகி அவை உதிர்ந்துவிடும். ஒட்டியிருந்தால் வண்டல் விரைவாக மூடியிருக்கிறது. கடல் முள்ளெலிகள் அடங்கிய முட்தோலிகள் என்ற உயிரினப் பிரிவு நன்னீரில் வாழ்வதில்லை என்பதால், அந்தப் பாறை பெரும்பாலும் கடலில் படிந்ததே.