தாய்மையும் குடும்பமும் பேசும் ஸ்பானியச் சாலைப் பயணப் படம் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

பெத்ரோ அல்மோதோவார் 1999இல் எடுத்த 'தோதோ சோப்ரே மி மாத்ரே'. 'என் அம்மாவைப் பற்றி எல்லாம்' என்று பொருள். சாலைப் பயணப் படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், இதில் நெடுஞ்சாலை கிடையாது, ரயில்தான். ஆனால் அந்த ரயில் பயணத்தை எடுத்துவிட்டால் கதையே இல்லை. முழுக் கதையையும் சொல்லிவிடுவேன், அதனால் முடிவு தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மானுவேலா மாட்ரிட்டில் ஒரு நர்ஸ், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை. மூளைச்சாவு அடைந்தவரின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்று டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க, கணவனைப் பறிகொடுத்த மனைவியாக அவள் நடித்துக் காட்டுவாள். மகன் எஸ்தேபான் அதைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய பதினேழாவது பிறந்தநாள் இரவில் நாடகம் பார்த்துவிட்டு வருகிறார்கள். கொட்டும் மழையில் நடிகையிடம் கையெழுத்து வாங்க அவன் காரின் பின்னால் ஓட, இன்னொரு கார் அடித்துவிடுகிறது. அப்புறம் அதே டாக்டர்கள் அவள் எதிரில் வந்து உட்கார்கிறார்கள். அவர்கள் பேச்சை எடுத்ததுமே அவள் உடைந்துவிடுகிறாள், ஏனென்றால் அடுத்து என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு மனப்பாடம்.

நான் பதினோரு வருடமாக ஐசியூ நர்ஸ். வீட்டாரிடம் இந்தச் செய்தியைச் சொல்லும் அறையில் சுவரோரம் நின்றிருக்கிறேன். "கை சூடா இருக்கேம்மா" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்ட அப்பா ஒருவர் இன்னும் நினைவில் இருக்கிறார். வென்டிலேட்டர் ஓடும், நெஞ்சு ஏறி இறங்கும், அதை வைத்துக்கொண்டு 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை யாரால் நம்ப முடியும்? அல்மோதோவாருக்கு இந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. 1995இல் வந்த அவருடைய இன்னொரு படமும் இதே மாதிரி ஒரு பயிற்சிக் காட்சியோடுதான் தொடங்கும், அதிலும் அந்த நர்ஸின் பெயர் மானுவேலா. ஸ்பெயினில் 1989இலேயே உறுப்பு மாற்றுக்குத் தேசிய அமைப்பு வந்துவிட்டது, உறுப்பு தானத்தில் உலகத்துக்கே முன்னோடியான நாடு, அதனால் இது திரைக்கதைக்காக உருவாக்கிய வேலை இல்லை, அங்கே நிஜமாகவே நடக்கும் வேலை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். முதலில் மகனின் இதயம் யாருக்குப் போனதோ அவரைத் தேடி, உறுப்பு பெற்றவர் யார் என்று வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்ற விதியை மீறி, லா கொருன்யா என்ற ஊருக்குப் போகிறாள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருவதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். அப்புறம் பார்சிலோனா. பதினேழு வருடத்துக்கு முன்னால் வயிற்றில் எஸ்தேபானைச் சுமந்துகொண்டு, அவன் தகப்பனுக்குத் தெரியாமல் பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட்டுக்கு ஓடி வந்தவள், இப்போது அதே தடத்தில் திரும்பிப் போய் அந்தத் தகப்பனைத் தேடுகிறாள். அவர் பெயரும் எஸ்தேபான்தான், இப்போது லோலா என்ற திருநங்கை. மகன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்: அம்மாவின் பழைய போட்டோக்களில் பாதி கிழிக்கப்பட்டிருக்கிறது, என் வாழ்க்கையிலும் அந்தப் பாதிதான் இல்லை என்று. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று அன்றிரவு அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

பார்சிலோனாவில் ரோசா என்ற இளம் கன்னியாஸ்திரி வந்து சேர்கிறாள். லோலாவால் கர்ப்பம், எச்ஐவியும் தொற்றியிருக்கிறது. பெற்ற தாயிடம் சொல்ல முடியாமல் மானுவேலாவின் வீட்டுக்கு வந்து படுக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இன்னொரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெம்பு ஏது, அவள் முதலில் மறுக்கத்தான் செய்கிறாள், அதை ஒளிக்காமல் காட்டியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. பிறகு மருந்து, சாப்பாடு, ஊசி என்று நாள் முழுக்கச் செய்கிறாள்.

எனக்கு இந்தப் படம் என்றால் ஒரு காட்சிதான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும் வழியில் ரோசா டாக்சியை ஒரு சதுக்கத்தில் நிறுத்தச் சொல்கிறாள், அவள் சிறு வயதில் விளையாடிய இடம். மறதி நோய் வந்த அவளுடைய அப்பா நாயோடு அங்கே வருகிறார். நாய் அவளை அடையாளம் கண்டு ஓடி வருகிறது. அப்பாவுக்குத் தெரியவில்லை, உன் வயது என்ன, உயரம் எவ்வளவு என்று வழியில் போகிறவர்களைக் கேட்பது போலக் கேட்கிறார். அவளும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அப்பா போய் வருகிறேன் என்கிறாள். அவ்வளவுதான், பிரசவத்தில் அவள் இறந்துவிடுவாள். நைட் டியூட்டி முடிந்து வந்து பார்த்தேன், அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது, பிறகு ஆஸ்கர், எல்லாம் கிடைத்தது. அல்மோதோவாரின் அம்மா அதே 1999 செப்டம்பரில் இறந்துபோனார். படத்தின் கடைசியில் வரும் சமர்ப்பணத்தில், தாயாக விரும்பும் எல்லோருக்கும் என்று போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் 'என் அம்மாவுக்கு' என்று வரும்.

ரோசாவின் குழந்தைக்கும் எஸ்தேபான் என்றே பெயர், மூன்றாவது எஸ்தேபான். குழந்தை கீறினால் நோய் தொற்றிவிடுமோ என்று சொந்தப் பாட்டியே பயப்படுகிறாள், அந்த வீட்டில் பிள்ளை வளர வேண்டாம் என்று மானுவேலா மறுபடி மாட்ரிட்டுக்கு ரயிலேறிவிடுகிறாள். இரண்டு வருடம் கழித்து அதே ரயிலில், குழந்தையோடு, அவன் உடம்பில் வைரஸ் இல்லை என்ற செய்தியோடு பார்சிலோனாவுக்கு வருகிறாள். முதல் தடவையாக அவள் யாரிடமிருந்தும் ஓடவில்லை.