நீமோ ஜோடியில் யார் பெண்?

கடல்நீர்த் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரே அளவில் மூன்று நீமோ மீன்கள் வாங்கி 100 லிட்டர் தொட்டியில் விட்டேன். ஆறு மாதம் ஆகிறது. இரண்டு சேர்ந்தே திரிகின்றன. மூன்றாவது, துடுப்பு கிழிந்து மேல் மூலையிலேயே நிற்கிறது. இரண்டு ஆண், ஒரு பெண் என்பதால் வந்த சண்டையா? (மதுரை)

பதில்: மூன்றாவதை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்; விட்டால் பிழைக்காது. வாங்கியபோது மூன்றுமே குஞ்சுகள் என்றால் அப்போது அவற்றில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நீமோ என்று விற்கும் ஆசெல்லாரிஸ் கோமாளி மீன் முதலில் ஆணாகும், பிறகுதான் பெண்ணாகும். கூட்டத்தில் எல்லாவற்றிலும் பெரியது பெண், அதற்கு அடுத்தது ஆண். மீதி எல்லாம் சந்ததி பெருக்காமல் அளவு வரிசையில் காத்திருக்கும். பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறும். வரிசையில் அடுத்து நிற்பது ஆணாகும். பெண்ணான மீன் திரும்ப ஆணாகாது.

இதன் நெருங்கிய உறவான பெர்குலா மீன்களைப் பப்புவா நியூ கினியின் பவளப்பாறைகளில் உயிரியலாளர் பீட்டர் பஸ்டன் அளந்து பார்த்து 2003-ல் எழுதினார். அளவு வரிசையில் கீழே உள்ள மீன் மேலே உள்ளதை எட்டிவிடாதபடி தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கிறது. எட்டினால் விரட்டப்படும், பாறையில் விரட்டப்பட்டது இரையாகிவிடும். உங்கள் தொட்டியிலோ ஓட இடமே இல்லை.

மீதி இரண்டையும் கவனியுங்கள். சிறியது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பைக் கிடுகிடுவென நடுக்கினால், நோய் என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். அது பணிவு, ஜோடி அமைந்துவிட்டது என்று அர்த்தம். இனி வாங்கினால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என இரண்டே வாங்குங்கள். வளர்ந்த இரண்டு பெண்களை ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

கேள்வி: கடல் சாமந்தி (அனிமோன் என்னும், பூப்போன்ற கொட்டும் கடல் விலங்கு) இல்லாமல் இவை வாழுமா? அது ஏன் இவற்றைக் கொட்டுவதில்லை? (நாகர்கோவில்)

பதில்: தொட்டியில் தாராளமாக வாழும். கடலில்தான் அது இல்லாமல் முடியாது. மீனின் மேலுள்ள சளிதான் கவசம். கொட்டும் செல்களைத் தூண்டும் சயாலிக் அமிலம் அதில் மிகக் குறைவு. புதிய சாமந்தியிடம் மீன் வால், வயிறு என்று கொஞ்சம் கொஞ்சமாக உரசிப் பழகிய பிறகே உள்ளே நுழையும். பதிலுக்கு மீனின் கழிவிலுள்ள அமோனியா சாமந்திக்குள் வாழும் பாசிக்கு உரமாகிறது. தொட்டி ஒரு வருடமாவது நிலைபெறாமல், நல்ல வெளிச்சம் இல்லாமல் சாமந்தி வாங்க வேண்டாம். அது ஊர்ந்துபோய் அலை மோட்டாரில் சிக்கினால் ஒரே இரவில் தண்ணீர் முழுவதும் கெட்டுவிடும். மோட்டார் வாயை ஸ்பாஞ்சால் மூடுங்கள்.

கேள்வி: என் நீமோ ஜோடி ஓட்டுத்துண்டில் முட்டை இட்டது. ஏழாம் நாள் வெள்ளியாக மின்னியது. மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. ஆண் தின்றுவிட்டதா? (தூத்துக்குடி)

பதில்: தின்னவில்லை, பொரித்துவிட்டன. முட்டை முதலில் நல்ல ஆரஞ்சு நிறம், பிறகு பழுப்பு. கடைசியில் வெள்ளியாகத் தெரிவது குஞ்சின் கண். 27, 28 டிகிரியில் ஏழெட்டு நாளில், விளக்கு அணைந்த ஓரிரு மணி நேரத்துக்குள் பொரிக்கும். வடிகட்டி இழுத்திருக்கும், அல்லது மற்ற மீன்கள் தின்றிருக்கும். முதல் ஈடுகளைத் தகப்பன் தின்பதும் உண்டு. பழகியபின் அதுவே துடுப்பால் விசிறி, செத்த முட்டையை மட்டும் வாயால் பொறுக்கும்.

அடுத்த முறை கண் மின்னும் அன்று மாலை, ஓட்டைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து 40 லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். அதில் பழைய தொட்டித் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தகப்பனின் விசிறலுக்குப் பதிலாக முட்டைப் பக்கத்தில் காற்றுக்குமிழ் விடும் காற்றுக்கல்லை வையுங்கள். முழு இருட்டு வேண்டும். அறை விளக்கு எரிந்தால் பொரிக்காது. பொரித்ததும் காற்றைக் குறையுங்கள். குஞ்சுகளுக்கு இரையாக மில்லி லிட்டருக்கு 5 முதல் 10 ரோட்டிஃபர் (மிக நுண்ணிய நீர் விலங்கு) எப்போதும் இருக்கட்டும். நுண்பாசி தின்ற ரோட்டிஃபராக இருக்க வேண்டும். பட்டினி ரோட்டிஃபரில் சத்தே கிடையாது. பக்கக் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் வெளிச்சம் வரும் பக்கமே முட்டி மோதிச் சாகும். ஐந்தாம் நாளிலிருந்து அன்றன்று பொரித்த ஆர்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சைக் கொஞ்சமாகச் சேருங்கள். பத்தாம் நாள் வாக்கில் தலையோரம் முதல் வெள்ளைப்பட்டை தெரியும். அதுவரை அமோனியாவைத் தினமும் பாருங்கள். ஏறினால் பெரிய தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மாற்றுங்கள்.